நாற்பத்தாறாயிரத்து நூற்றெண்பது டாலர் என்னும் எண்ணை நீக்கக் கோரி

அனுப்புநர்:
வெர்லீன் டக்கெட்,
(முன்னாள் சிறைக் காவலர், பெல்லாமி மாவட்டச் சிறை)
418, பருத்தி அரவைச் சாலை,
ஹார்லன் ஃபெர்ரி, பெல்லாமி மாவட்டம், ஆர்கன்சா.

பெறுநர்:
வருமான விவர அலுவலர் அவர்கள்,
தொழிற்சான்றிதழ்க் கண்காணிப்பு அலுவலகம்,
மாநிலத் தலைநகர்.

பொருள்: பெல்லாமி வட்டார சமுதாயக் கல்லூரி – ஓராண்டுக் குற்றவியல் நீதிச் சான்றிதழ் – படித்தவர்களின் ஆண்டு வருமானம் 46,180 டாலர் என வெளியிட்டிருப்பது – அதை உடனே நீக்கவும், சிறைப் பதிவேடு ஒன்றைத் திருத்தவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலகக் கடிதம், நாள் 12.7.2023.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி கல்லூரியில் 2017ஆம் ஆண்டு மே மாதம் குற்றவியல் நீதிச் சான்றிதழ் பெற்றவள் நான். தங்கள் வலைத்தளத்திலும் கல்லூரியின் விளம்பர நோட்டீஸிலும் அச்சான்றிதழுக்கு நேரே இரண்டு எண்கள் உள்ளன: ஆண்டு வருமானம் 46,180 டாலர், கல்விக் கடன் 9,400 டாலர். இந்த இரண்டையும் பார்ப்பவர் யாராக இருந்தாலும் சேர்ந்துவிடுவார். வரும் வெள்ளிக்கிழமை, 11ஆம் தேதி, இவ்வாண்டு மாணவர்கள் கடன் பத்திரத்தில் கையெழுத்திடுகிறார்கள். இருபத்திரண்டு பேர். அவர்களில் ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். அவள் கையெழுத்திடுவதற்குள் அந்த எண் பொய்யென்று அவளுக்குத் தெரிய வேண்டும். இம்மனுவின் நோக்கம் அதுதான்.

2. முதலில் அந்த எண் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்கிறேன். தங்கள் கடிதத்தின்படி என் வகுப்பில் சான்றிதழ் பெற்றவர்கள் பதினொரு பேர். பத்துக்குக் குறைந்த குழுவின் வருமானத்தை வெளியிடக் கூடாது என்று தங்கள் வலைத்தளத்தின் அடிக்குறிப்பே சொல்கிறது. பதினொன்று என்பதால் வெளியிட்டிருக்கிறீர்கள். ஆனால் 2019இல் மாநிலச் சம்பளப் பதிவில் அகப்பட்டவர்கள் ஐந்தே பேர் என்றும் அதே கடிதம் சொல்கிறது. மற்ற ஆறு பேரில் இரண்டு பேர் ஆற்றைக் கடந்து அடுத்த மாநிலத்துக்கு வேலைக்குப் போனார்கள். ஒருவர் ராணுவத்தில் சேர்ந்தார். மூன்று பேருக்கு வேலையே இல்லை. வேலை இல்லாதவரைக் கணக்கில் சேர்க்காமல் சம்பளத்தைக் கணக்கிட்டால் எந்த ஊரும் பணக்கார ஊராகத்தான் தெரியும், ஐயா.

3. மிஞ்சிய ஐந்து பேரைச் சம்பள வரிசையில் நிறுத்தி நடுவில் இருப்பவரின் தொகையை எடுத்துக்கொண்டதாகக் கூறியுள்ளீர்கள். அந்த ஐவரையும் நான் அறிவேன். இரண்டு பேர் கோழி ஆலைக்கே திரும்பிப் போனவர்கள். ஒருவர் நகரக் காவல்துறையில் இருக்கிறார். ஒருவர் தன் மைத்துனரின் லாரி அலுவலகத்தில் தொலைபேசி எடுக்கிறார், அவர்தான் எல்லோரிலும் அதிகச் சம்பளக்காரர். நடுவில் நிற்பவள் நான். 2019ஆம் ஆண்டுக்கான என் சம்பளச் சான்றில் சென்ட் நீக்கினால் சரியாக 46,180 டாலர் இருக்கிறது. நகல் இணைத்துள்ளேன். தாங்கள் மாநிலம் முழுவதற்கும் வெளியிட்டிருப்பது வகுப்பின் வருமானமல்ல, என் ஒருத்தியின் வருமானம்.

4. அது எப்படி வந்த பணம் என்பதையும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். என் மணிக்கூலி 13 டாலர் 42 சென்ட். வருடம் முழுக்க ஒழுங்காக வேலை செய்தால் 27,914 டாலர் வரும். மீதி பதினெட்டாயிரமும் ஒன்றரை மடங்காக வரும் மிகைநேரக் கூலி. தொள்ளாயிரத்து ஏழு மணி நேரம். பதினான்கு காவலர் இருக்க வேண்டிய சிறையில் எட்டுப் பேர் இருந்தோம். காலை ஆறு மணிக்கு உள்ளே போனால் பிற்பகல் இரண்டுக்கு வெளியே வர வேண்டும். இரண்டு மணிக்குச் சிறை மேலாளர் வாசலிலேயே நின்று, "வெர்லீன், இன்னிக்கும் ஆள் இல்லம்மா, கொஞ்சம் பாத்துக்கோ" என்பார். கொஞ்சம் என்றால் இரவு பத்து மணி.

5. சான்றிதழால் எனக்குக் கிடைத்த நன்மையைத் தனியே எடுத்துப் பார்த்தேன். என்னோடு அதே நாளில் சேர்ந்த ஒருவர் உயர்நிலைப் பள்ளியோடு நிறுத்தியவர். அவருக்கு மணிக்கு 13 டாலர் 17 சென்ட். எனக்கு இருபத்தைந்து சென்ட் கூடுதல். ஆண்டுக்கு 520 டாலர். கல்லூரி கைகாட்டிய கடன் சங்கத்துக்கு நான் கட்டியது மாதம் 104 டாலர், ஆண்டுக்கு 1,248. இந்தக் கணக்கைப் போட எந்தச் சான்றிதழும் தேவையில்லை. சேர்வதற்கு முன்பு எனக்கு யாரும் போட்டுக் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை. கோழி ஆலையில் எலும்பு நீக்கி நீக்கி என் விரல்கள் மடங்காமல் போயிருந்தன. சீருடை போட்ட வேலை என்றதும் வேறெதுவும் கண்ணில் படவில்லை. என் அவசரத்துக்கு நான் யாரையும் குறை சொல்லவில்லை. கடனில் இன்னும் 5,640 டாலர் பாக்கி. அதைத் தள்ளுபடி செய்யுமாறு இம்மனுவில் நான் கேட்கவில்லை என்பதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளவும்.

6. இனி எழுதப்போவதை இந்நாள் வரை எவரிடமும் சொன்னதில்லை. இது தங்கள் துறைக்குச் சம்பந்தமற்றது என்று தோன்றலாம். அந்த எண்ணுக்குள் இருப்பதால் சம்பந்தமுள்ளது.

எங்கள் கல்லூரியில் "சிறைப் பதிவேடுகள்" என்று ஒரு பாடம். நடத்தியவர் திரு. ஹாய்ட் கிரம்லி, ஓய்வுபெற்ற துணை ஷெரீஃப், நல்ல மனிதர். சிறையில் ஒவ்வொரு அறையையும் அரை மணிக்கு ஒருமுறை எட்டிப் பார்த்து, கதவில் தொங்கும் தாளில் நேரத்தையும் கைதியின் நிலையையும் எழுதி, இரண்டெழுத்துச் சுருக்கொப்பம் இட வேண்டும். அவர் மாதிரித் தாள்களைக் கொடுத்து நிரப்பச் சொல்வார். ஒரு கட்டம் காலியாக இருந்தால் ஐந்து மதிப்பெண் போகும். "ஆய்வாளர் வந்தா அறையைப் பாக்க மாட்டாரு, தாளைத்தான் பாப்பாரு. காலிக் கட்டம்னா கோர்ட்டுன்னு அர்த்தம். எத்தனை தடவ சொல்றது உங்களுக்கு?" என்று மேசையைத் தட்டுவார். நடந்து போய்ப் பார்ப்பதற்கு அந்தப் பாடத்தில் மதிப்பெண் இல்லை. வகுப்பறையில் அறை ஏது, கைதி ஏது? எனக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றேழு.

வேலையில் சேர்ந்த முதல் வாரமே, மூத்த காவலர்கள் அதை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்தேன். பணிமுறை தொடங்கியதும் வரப்போகும் மணிகளையெல்லாம் ஒரே மூச்சில் எழுதி ஒப்பமிட்டுவிடுவார்கள். பிறகு முடிந்தபோது சுற்றி வருவார்கள். யாரும் இதை ஏமாற்று என்று நினைக்கவில்லை. வீட்டுச் செலவுக்கு முன்கூட்டியே பணம் எடுத்து வைப்பதைப் போலத்தான் நினைத்தோம். நானும் அப்படியே செய்தேன், இரண்டு வருடம்.

7. 2019 ஆகஸ்ட் 20, செவ்வாய்க்கிழமை. இரண்டாம் பணிமுறைக்கும் என்னையே நிறுத்தினார்கள். பிற்பகல் இரண்டு மணிக்கு ஒவ்வொரு கதவிலும் புதுத் தாளை மாட்டி, ஆறு மணி வரைக்குமான எட்டுக் கட்டங்களையும் நிரப்பினேன். எல்லாவற்றிலும் "நலம்", எல்லாவற்றிலும் என் சுருக்கொப்பம். பிறகு நடந்தேன். ஆறாம் அறையில் திரு. லெமுவல் பிக்கன்ஸ் இருந்தார். வயது நாற்பத்து நான்கு. காலாவதியான உரிமத்தோடு வண்டி ஓட்டி, அபராதம் கட்ட முடியாமல் ஞாயிற்றுக்கிழமை உள்ளே வந்தவர். கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். அவர் சொன்னது எனக்கு ஒரு சொல் பிசகாமல் நினைவிருக்கிறது.

"ஆபீசர், ஒரு நிமிஷம் நில்லுங்க. எனக்குச் சர்க்கரை. ஊசி போட்டு ரெண்டு நாளாச்சு, வாந்தியா வருது. நர்ஸம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

"நர்ஸ் நாலு மணிக்கு வருவாங்க. அதுவரைக்கும் படுத்திருங்க."

"நாலு மணியா? சரி. நடுவுல நீங்க ஒரு தடவ எட்டிப் பாப்பீங்கல்ல?"

"பாக்கறேன்."

அப்போது பெண்கள் பகுதியில் கழிவறை அடைத்துக்கொண்டு தண்ணீர் நடைபாதை வரை வந்துவிட்டதாகக் கூப்பிட்டார்கள். இரண்டு பகுதிக்கும் நான் ஒருத்தி. போய்த் தண்ணீரைத் தள்ளினேன். இதைச் சாக்காகச் சொல்லவில்லை. தொலைபேசி என் இடுப்பிலேயே இருந்தது, செவிலியரை அழைக்க அரை நிமிடம் போதும். கட்டம் நிரம்பியிருந்ததால் என் மனதில் அவரைப் பார்த்து முடித்தாகிவிட்டது. இப்படி நடக்கும் என்று சொன்னால் வெளியில் இருப்பவர்கள் நம்ப மாட்டார்கள். தாளில் எழுதியது தலையிலும் பதிந்துவிடுகிறது.

செவிலியர் தாமதமாக, நான்கு நாற்பதுக்கு வந்தார். இருவரும் சேர்ந்துதான் கதவைத் திறந்தோம். அவர் கீழே கிடந்தார், உடம்பு குளிர ஆரம்பித்திருந்தது. கதவில் தொங்கிய தாளில் நான்கு மணிக்கு அவர் நலம். நான்கரைக்கும் நலம். ஐந்து மணிக்கும் ஐந்தரைக்கும் ஆறுக்கும்கூட நலம் என்று என் கையெழுத்தில் இருந்தது. நான்கரைக்குப் பிந்தைய கட்டங்கள் இருந்த தாளின் அடிப்பாகத்தை மேலாளர் என் கண் முன்னே ஸ்கேல் வைத்துக் கிழித்தார். "ஒண்ணும் பேசாத, வீட்டுக்குப் போ" என்றார். நான் பேசவில்லை, வீட்டுக்குப் போனேன்.

8. விசாரணை பதினேழு நாள் நடந்தது. அரை மணிக்கொருமுறை கண்காணிப்பு நடந்திருப்பதாகப் பதிவேடு காட்டுவதால் கவனக்குறைவு இல்லை என்று முடித்தார்கள். என்னைப் பாராட்டாததுதான் குறை. 2020 ஜனவரியில் வேலையை விட்டேன். இப்போது விவசாயச் சாமான் கடையில் கல்லாவில் நிற்கிறேன், மணிக்கு 12 டாலர் 25 சென்ட்.

அந்தக் கடையின் கழிவறைக் கதவிலும் ஒரு தாள் தொங்குகிறது, ஐயா. மணிக்கொருமுறை சுத்தம் செய்து சுருக்கொப்பம் இட வேண்டும். மற்றவர்கள் காலையிலேயே மொத்தமாகப் போட்டுவிடுகிறார்கள். என்னால் முடியவில்லை. வரிசையில் ஆள் நின்றாலும் மணியடித்ததும் கல்லாவைப் பூட்டிவிட்டுப் போய், தரையைத் துடைத்து, அறைக்கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து உள்ளே யாரும் விழுந்து கிடக்கவில்லை என்று பார்த்த பிறகே எழுதுகிறேன். முதலாளி பர்னெல் தலையில் அடித்துக்கொள்கிறார். "கக்கூஸ் கழுவுன சீட்டுதானே வெர்லீன்? ஒரு கையெழுத்துப் போட்டா உன் கை என்ன தேஞ்சா போயிடும்?" என்கிறார். சில நாள் உள்ளே ஆள் இல்லை என்று தெரிந்தும் இரண்டாம் முறை போய்த் திறக்கிறேன்.

9. சென்ற ஜூன் மாதம் ஒரு பெண் கல்லாவுக்கு வந்தாள். கையில் கல்லூரி நோட்டீஸ். அதில் சீருடையில் சிரித்துக்கொண்டு நிற்பது நான். 2018இல் எடுத்த படத்தை இன்னும் நீக்கவில்லை.

"மிஸ் வெர்லீன்தானே நீங்க? இந்தப் படத்துல இருக்கறது?"

"ஆமா கண்ணு."

"நாப்பத்தாறாயிரம் நெஜமாவே வருமா? எங்கம்மா நம்ப மாட்டேங்குறாங்க. ஒம்பதாயிரத்து நானூறு கடன்னதும் பயந்துட்டாங்க. நீங்க சொன்னா நம்புவாங்க."

ஓவர்டைம் சேர்த்தால்தான் வரும் என்றேன். "ஓவர்டைம் தானே, நான் செய்வேன். எனக்கு என்ன, கல்யாணமா காட்சியா?" என்று சிரித்தாள். இந்த வேலை ஏன் என்று நான் கேட்டிருக்க வேண்டாம். கேட்டேன்.

"எங்கப்பா அந்த ஜெயில்லதான் செத்தாரு. லெமுவல் பிக்கன்ஸ். நீங்க கேள்விப்பட்டிருப்பீங்க. நான் ஜோவெட்டா, அவரோட மூத்த பொண்ணு. அங்க எல்லாரும் கெட்டவங்க இல்ல மிஸ் வெர்லீன். நாலரை மணிக்கு ஒருத்தர் வந்து அப்பாவ எட்டிப் பாத்திருக்காங்க, அப்ப நல்லாத்தான் இருந்திருக்காரு. அறிக்கையில இருக்கு. அந்தப் பக்கத்த அம்மா பைபிளுக்குள்ள வச்சிருக்காங்க. கடைசியில அவரத் தனியா விட்டுடல, யாரோ ஒரு மனுஷி பாத்தாங்கன்னு அதையே எடுத்து எடுத்துப் படிப்பாங்க. நானும் அந்த மாதிரி ஒருத்தியா இருக்கணும்."

அவளுக்குப் பத்தொன்பது வயது. அவள் வாங்கிய கோழித் தீவன மூட்டைக்கு ரசீது போட்டேன். மீதிச் சில்லறையை அதிகமாகக் கொடுத்துவிட்டேன், அவளே திருப்பித் தந்தாள். அவள் போன பிறகு பர்னெல்லிடம் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு வண்டியில் போய் உட்கார்ந்துகொண்டேன். நான் சொல்லாதது என்னை மட்டும்தான் தின்கிறது என்று நான்கு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். அது அவர்கள் வீட்டில் வேத புத்தகத்துக்குள் இருந்திருக்கிறது.

10. மறுநாளே கல்லூரிப் பதிவாளர் திரு. ட்வேய்ன் ஸ்பூனரிடம் போய், என் படத்தையும் எண்ணையும் எடுக்கச் சொன்னேன். "ஏன் வெர்லீன், நல்ல நம்பர்தானே! நீ எங்க காலேஜுக்கே பெருமை. மாநிலமே போட்ட கணக்க நான் எடுத்தா என் தலை போயிடும்" என்று காப்பி கொடுத்து அனுப்பிவிட்டார். மாநிலம் என்றால் தாங்கள். அதனால் தங்களுக்கு எழுதினேன். அதற்குப் பதிலாகத்தான் பார்வையில் கண்ட கடிதம் வந்தது.

11. ஆகவே கீழ்க்கண்டவற்றைத் தங்கள் கனிவான கவனத்துக்கு வைக்கிறேன்.

(அ) ஐந்து பேரின் சம்பளத்தைக் கொண்டு வெளியிட்ட அந்த எண்ணைத் தங்கள் விதிப்படியே நீக்க வேண்டும். நோட்டீஸிலிருந்து என் படத்தையும் நீக்கும்படி கல்லூரிக்கு உத்தரவிட வேண்டும்.

(ஆ) இச்சான்றிதழுக்கு மாவட்டச் சிறை தரும் கூடுதல் கூலி மணிக்கு இருபத்தைந்து சென்ட் என்பதையும், சான்றிதழ் இல்லாமலே அவ்வேலை கிடைக்கும் என்பதையும் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

(இ) அந்த எண்ணில் 161 டாலர் 4 சென்ட், ஆகஸ்ட் 20ஆம் தேதி இரண்டாம் பணிமுறைக்கு நான் வாங்கிய கூலி. வேறெதை விட்டாலும் அதை ஒருவருடைய எதிர்காலமாக விளம்பரம் செய்யாதிருக்க வேண்டும்.

(ஈ) இம்மனுவின் 6, 7 பத்திகளை என் ஒப்புதல் வாக்குமூலமாக ஏற்று, சிறை மரணங்களை விசாரிக்கும் உரிய அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். இரண்டரை முதல் நான்கரை வரையிலான ஐந்து பதிவுகளும் பொய். அந்த நேரத்தில் யாரும் அவரைப் பார்க்கவில்லை. இதனால் எனக்கு என்ன நேரும் என்பது தெரியும். பொய்ப் பதிவுக்கு என்ன தண்டனை என்பதும் சான்றிதழுக்குப் படித்த பாடத்தில் இருந்தது.

12. தங்கள் அலுவலகம் மனுக்களுக்குப் பதிலளிக்க முப்பது நாள் எடுத்துக்கொள்ளும் என்று அறிவிப்பில் பார்த்தேன். தங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமைக்கு இருப்பது நான்கு நாள். பிக்கன்ஸ் வீடு என் வீட்டிலிருந்து இரண்டு மைல். இதை எழுதத் தொடங்கியபோது தாங்கள் எண்ணை நீக்கினால் போதும், அவள் தானாகவே விலகிவிடுவாள், அவள் தாயிடம் ஒன்றும் சொல்ல வேண்டியிராது என்ற ஆசை எனக்கு இருந்தது. எழுதி முடித்தபோது அந்த ஆசை இல்லை. வாயால் சொல்லத் தைரியம் வராது என்பதால், இதன் நகலை அவர்கள் கையில் கொடுத்து, அவர்கள் படித்து முடிக்கும் வரை அங்கேயே நிற்பதாக இருக்கிறேன். அந்தத் தாய்க்கு இருக்கும் ஒரே ஆறுதலை நான் எடுக்கப் போகிறேன். மன்னிப்புக் கேட்கும் தகுதி எனக்கு இல்லை, கேட்காமலும் இருக்க முடியாது.

மேற்கண்டவற்றில் தங்களால் இயன்றதை இருபத்திரண்டு பேருக்காகவும் விரைந்து செய்யும்படி வேண்டி நிற்கும்,

(ஒப்பம்)
வெர்லீன் டக்கெட்
(முழுப் பெயராகவே ஒப்பமிட்டுள்ளேன்)

இடம்: ஹார்லன் ஃபெர்ரி
நாள்: 7.8.2023, திங்கட்கிழமை

இணைப்பு:
1. 2019ஆம் ஆண்டுச் சம்பளச் சான்று.
2. கல்லூரி நோட்டீஸ்.
3. விசாரணை அறிக்கையில் கண்காணிப்புத் தாள் உள்ள பக்கம், கிழிந்த ஓரம் தெரியும்படி.

நகல்:
திருமதி ஐடெல்லா பிக்கன்ஸ் அவர்களுக்கும், செல்வி ஜோவெட்டா பிக்கன்ஸ் அவர்களுக்கும் – இன்று, நேரில்.